மடியில் கிடந்த வாணலி

வால்வு ரேடியோ வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதே வால்வு ஒரு தந்தி வாத்தியத்தோடு கூட்டுச் சேர்ந்த கதை இந்த வாரம்.

முதலில் வாத்தியத்தைப் பார்த்துவிடலாம். ஒரே மேப்பிள் கட்டையில் கையாலேயே செதுக்கியது. நீளமான கழுத்து, அது போய் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வட்டம். உள்ளே குடைவு கிடையாது, ஒலித்துளை கிடையாது. வட்டத்தின் மேல் இரண்டு லாட காந்தங்கள் ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நிற்கின்றன. ஆறு கம்பிகளும் அந்த வளையத்துக்குள் புகுந்து மறுபுறம் வருகின்றன. 1931-ல் லாஸ் ஏஞ்சலீஸில் செய்த இந்த மர மாதிரி உலகத்திலேயே ஒன்றுதான். இன்றைய மின்சார கிடார் வம்சத்துக்கு இதுதான் பாட்டன். கைப்பிடி வைத்த வாணலிபோல இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

மின்சார கிடார் என்றதும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கும் இளைஞர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இதை யாரும் தோளில் மாட்டவில்லை. உட்கார்ந்து, மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசித்தார்கள். ராக் இசை பிறக்க இன்னும் இருபது வருடம் இருந்தது. கிடாருக்கு மின்சாரம் கொண்டுவந்தது ஹவாய்த் தீவு இசையின் மீது அமெரிக்கர்களுக்கு வந்த மோகம்.

அந்த வாசிப்பு முறைக்கு முன்னோடியாகப் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ஜோசப் கெகுகு. ஓஹு தீவில் லாயி என்ற ஊரில் 1874-ல் பிறந்தவர். பள்ளிப் பையனாக இருக்கும்போதே கம்பி மேல் இரும்பை வழுக்கும் வித்தையைப் பழகி, பிறகு அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றி அதைப் பரப்பினார். அவருக்கும் முன்பே ஹொனலூலுவில் கேப்ரியல் டேவியன் என்ற மாலுமி இப்படி வாசித்தார் என்றொரு தகவல் உண்டு. டேவியன் பிறந்தது இந்தியாவில் என்றும் சொல்கிறார்கள். கோட்டுவாத்தியத்தில் கட்டையை வழுக்கி வாசிக்கும் முறையும் இதுவும் ஒரே குடும்பம் என்பதால், ‘பார்த்தீர்களா, எல்லாம் இங்கிருந்துதான் போனது’ என்று கிளம்ப நம் ஆட்களுக்கு இது போதும். அவர் கோட்டுவாத்தியத்தைக் கண்ணால் பார்த்தார் என்பதற்கு யாரும் ஆதாரம் காட்டவில்லை. ஆகவே அந்த ஆசையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு மேலே போவோம்.

1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஹவாய் அரங்கில் கேட்ட இசை நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஹவாய்ப் பாட்டு இல்லாத இசைத்தட்டுக் கடையே இல்லை என்றாகிவிட்டது.

மோகம் வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நடன அரங்குகளில் சாக்ஸபோனும் டிரம்ஸும் முழங்கும்போது கிடார் எடுபடவில்லை. தோளில் மாட்டுகிற கிடாரின் ஒலியாவது கூட்டத்தைப் பார்த்துப் போகும். மடியில் மல்லாந்து கிடக்கிற கிடாரின் ஒலி நேரே கூரைக்குத்தான் போகும்.

இதனால் நொந்துபோனவர்களில் ஒருவர் ஜார்ஜ் பீச்சம். டெக்ஸஸ்காரர், 1899-ல் பிறந்தவர், மேடைக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் ஹவாய் கிடார் வாசித்துப் பிழைத்தவர். லாஸ் ஏஞ்சலீஸில் ஜான் டோப்பியேரா என்ற ஸ்லோவாக்கிய வாத்தியத் தச்சரைத் தேடிப் போய், கிராமபோன் குழல் மாதிரி ஒன்றைக் கிடாரில் மாட்டித் தரச் சொன்னார். அது தோற்றது. அடுத்து டோப்பியேரா உலோக உடலுக்குள் மூன்று அலுமினியக் கூம்புகளை வைத்து ஒரு கிடார் செய்தார், அது ஜெயித்தது. பீச்சம் அதைப் பணக்கார உறவினர் டெட் கிளைன்மயர் வீட்டு விருந்துக்குக் கொண்டுபோனார். வாசிக்க சோல் ஹோபீயையும் கூட்டிப்போனார். விருந்து முடிவதற்குள் 12,500 டாலருக்குக் காசோலை கைக்கு வந்ததாகச் சொல்வார்கள்.

சோல் ஹோபீயைப் பற்றி ஒரு வார்த்தை. ஹொனலூலுவில் பிறந்தவர், பதின்ம வயதில் நண்பர்களோடு கப்பலில் ஒளிந்துகொண்டு, டிக்கெட் இல்லாமல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். 1920-களில் ஹவாய் கிடாரில் அவருக்கு மேல் ஆளில்லை. இந்தக் கதைக்குள் இன்னொரு முறை வருவார்.

காசோலைப் பணத்தில் ‘நேஷனல்’ என்ற கம்பெனி பிறந்தது. அதற்கு உலோக உடல்களை அச்சில் அழுத்திக் கொடுத்தவர் பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்த அடால்ஃப் ரிக்கன்பாக்கர், ஸ்விட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். பங்காளிச் சண்டை சீக்கிரமே வந்தது. டோப்பியேரா வெளியேறி ‘டோப்ரோ’ கிடாரைத் தொடங்கினார். 1931-ல் பீச்சமுக்கும் நேஷனலில் வேலை போயிற்று. போனது நல்லதாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூம்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர், வேலை போன கையோடு மின்சாரத்தின் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

மின்சாரத்தால் கிடார் ஒலியைப் பெருக்கும் யோசனை புதிதல்ல. சிகாகோவின் ஸ்ட்ராம்பெர்க்-வாய்ஸினெட் கம்பெனி 1928-லேயே அப்படி ஒன்றை அறிவித்தது. ஆனால் அது மரப்பலகையின் அதிர்வைப் பிடித்தது, சந்தையில் நிற்கவில்லை. பீச்சம் எடுத்த முடிவு வேறு: பலகையை மறந்துவிடு, கம்பியை நேரே பிடி. இரவு வகுப்புகளில் மின்னணுவியல் படித்தார். கிராமபோன் பிக்அப்பைப் பிரித்துப் பார்த்தார். நண்பர் பால் பார்த்தும் கூடவே இருந்தார்.

கடைசியில் கிடைத்த ஏற்பாடு எளிமையானது. லாட காந்தங்களின் வளையத்துக்குள் கம்பிகள் ஓடுகின்றன. கம்பிகளுக்கு அடியில், கம்பிக்கு ஒன்றாக ஆறு இரும்புத் துண்டுகள். அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். எஃகுக் கம்பி துடிக்கும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னோட்டம் எழுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நரம்புத் தந்தி கட்டினால் வேலைக்கு ஆகாது. காந்தத்துக்கு அது கண்ணில் படாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரிகளில் நாம் கேட்ட நாதமும் இதே காந்தமும் சுருளும் சேர்ந்து தந்ததுதான்.

பலகை அதிர வேண்டிய அவசியமே போய்விட்டதால் குடமும் தேவையில்லை. எனவே நேஷனலில் வேலை பார்த்த ஹாரி வாட்சன் என்ற கைவினைஞர், கழுத்தும் ஒரு சின்ன வட்டமுமாகச் செதுக்கி முடித்தார். அதுதான் மேலே சொன்ன மர மாதிரி.

பீச்சமும் ரிக்கன்பாக்கரும் சேர்ந்து 1931 அக்டோபரில் ‘ரோ-பாட்-இன்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1932-ல் வார்ப்பு அலுமினியத்தில் வாணலி விற்பனைக்கு வந்தது. இதைவிட மோசமான நேரம் பார்த்திருக்க முடியாது. பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்டம் அது. போதாததற்கு, பத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குத்தான் அமெரிக்காவில் அப்போது மின்சாரம் இருந்தது. வாத்தியம் வாங்கலாம், செருக எங்கே போவது?

ஆனாலும் மேடை ஏறிவிட்டது. கேன்ஸஸ் மாநிலம் விச்சிட்டா நகரத்தில் கேஜ் ப்ரூவர் என்ற இசைக்கலைஞர் 1932 அக்டோபரில் இதைப் பத்திரிகைகளுக்குக் காட்டி, அக்டோபர் 31 இரவு ஒரு நடன அரங்கில் வாசித்தார். மின்சார கிடாரின் பொது அரங்கேற்றத்துக்கு ஆவணம் உள்ள முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று இது. கலிஃபோர்னியாவில் பிறந்த வாத்தியம் சோளக்காட்டுக்கும் கோதுமைக்காட்டுக்கும் நடுவே பெயர் வாங்கியது.

காப்புரிமைக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பீச்சம் 1932-ல் விண்ணப்பித்தார். திருத்தி 1934-ல் மறுபடியும் கொடுத்தார். அதிகாரிகளுக்கு ஒரு குழப்பம்: இது மின்சாதனமா, இசைக்கருவியா? அதைவிட, இது உண்மையில் வேலை செய்யுமா என்பதே சந்தேகம். கடிதங்கள் போய் வந்துகொண்டே இருந்தன. பொறுத்துப் பார்த்த ரிக்கன்பாக்கர், சோல் ஹோபீயையும் இன்னும் சில வித்வான்களையும் வாஷிங்டனுக்கே அனுப்பிவைத்தார். காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர்கள் எதிரில் ஹவாய்க் கச்சேரி நடந்தது. சந்தேகம் தீர்ந்தது. ஆனால் 2,089,171 என்ற எண்ணோடு காப்புரிமை கைக்கு வந்தபோது 1937 ஆகஸ்ட் 10.

முதல் விண்ணப்பத்திலிருந்து ஐந்து ஆண்டுகள். அதற்குள் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? கிப்ஸன் கம்பெனி 1936-லேயே இ.எஸ்.-150 என்ற கிடாரை இறக்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து ஜாஸ் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். காகிதத்தில் உரிமை பீச்சமுக்கு. புகழும் வியாபாரமும் வேறு இடங்களுக்கு.

வாணலிக்கு உடம்பிலும் ஒரு குறை இருந்தது. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரியும், சுருதி நகரும். அதைச் சரிக்கட்ட 1935-ல் பேக்கலைட் உடலில் புதிய மாடல் வந்தது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் அலுமினிய வாணலியைத்தான் தேடுகிறார்கள். வாசிக்கிறவர்கள் பலர் பேக்கலைட்டைத்தான் கேட்பார்கள். காதை நம்புகிறவன் நான். பேக்கலைட் பக்கம் நிற்பேன்.

இவற்றின் வயதைக் கணிக்க விவரம் தெரிந்தவர்கள் முதலில் அளப்பது லாட காந்தத்தின் அகலத்தை. ஒன்றரை அங்குலம் என்றால் உலகப் போருக்கு முந்தையது. ஒன்றேகால் என்றால் பிந்தையது. கால் அங்குல வித்தியாசத்தில் விலை எங்கேயோ போய்விடும்.

பங்காளிகள் இருவரில் பீச்சமுக்குத்தான் பலன் கிட்டவில்லை. 1940-ல் தம் பங்கை விற்றுவிட்டுத் தூண்டிலில் மாட்டும் போலி இரைகளை வடிவமைக்க இறங்கினார். 1941 மார்ச்சில் ஆழ்கடலில் மீன்பிடிக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். ரிக்கன்பாக்கர் 1953-ல் கம்பெனியை எஃப்.சி. ஹால் என்பவருக்கு விற்றார். பத்தே ஆண்டுகளில் பீட்டில்ஸ் கைகளில் ரிக்கன்பாக்கர் என்ற பெயர் உலகம் சுற்றியது. ஹவாய் மோகமோ அதற்குள் ஓய்ந்துபோயிருந்தது.

இதே கம்பெனிக்காக 1930-களில் டாக் காஃப்மன் என்பவர் ஒரு வினோதம் செய்தார்: உள்ளே மோட்டார் ஓடி, தானாகவே கம்பிகளை அசைத்துக் கமகம் கொடுக்கும் கிடார். தாங்க முடியாத கனம், ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேலேயே ஒரு கம்பத்தில் நிறுத்திவைத்துத்தான் வாசிக்க வேண்டும். நூறுகூடச் செய்யவில்லை. அந்த காஃப்மன்தான் பிறகு ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டரோடு சேர்ந்தார். கிடார் வாசிக்கவே தெரியாத ஃபெண்டர் என்ன செய்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)