நோட்டுப் புத்தகமும் கோப்பும்

1

மகனை வாரத்தில் மூன்று நாள் தெரபிக்கு அழைத்துப் போகிறோம். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. மையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தந்திருக்கிறார்கள். எத்தனை தடவை முகம் பார்த்தான், தண்ணி வேணும்னு அவனா கேட்டானா, பல் தேய்க்கும்போது அழுதானா - எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். எழுதுவது என் மனைவி. ஒருநாள் மேசையில் திறந்து கிடந்த அவனுடைய கோப்பைப் பார்த்துவிட்டேன். 'தாயின் ஒத்துழைப்பு போதாது' என்றிருந்தது. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நாலு நாள் நோட்டு வெறுமனே கிடந்தது. காய்ச்சல் இல்லாத என்னைப் பற்றிக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

பெற்றோர் நோட்டு எழுதுகிறார்கள். நிபுணர் கோப்பு எழுதுகிறார். நோட்டு தகவலாகவும் கோப்பு அறிவாகவும் கருதப்படுகின்றன. இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

2

1938இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனருக்குக் கடிதம் எழுதினார். தட்டச்சில் 33 பக்கம். மகன் டொனால்ட் ட்ரிப்லெட் என்ன பேசுகிறான், எதைச் சுழற்றுகிறான், எதற்கு அலறுகிறான் என்று அனைத்தும் அதில் இருந்தன. அதற்கு முன்பே மருத்துவ ஆலோசனையின்படி பையனை மூன்று வயதில் ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துப் பெற்றோரே திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள்.

1943இல் கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற சொல்லாடலின் தொடக்கப் பிரதி. அதில் முதல் 'கேஸ்' டொனால்ட். அவனது ஆரம்ப வருஷங்களைப் பற்றிக் கேனர் சொல்வதில் பெரும்பகுதி அப்பாவின் கடிதத்திலிருந்து வந்தது. ஆனால் அதே கட்டுரையின் முடிவில், பெற்றோர் இவ்வளவு நுணுக்கமாகக் குறித்து வைத்திருப்பதையே அவர்களது மனப்பீடிப்பின் அடையாளமாகக் கேனர் காட்டுகிறார். கடிதம் முதலில் சாட்சியம், பிறகு நோய்க்குறி. எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம் என்கிற எங்கள் வீட்டு நிலைமை அங்கேயே தொடங்கிவிட்டது.

இது பிறவியிலேயே வருவது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. பெற்றோரில் கனிவானவர்கள் குறைவு என்றும் சொன்னது. அடுத்த இருபது வருஷம் இரண்டாவது வாக்கியத்தையே பிடித்துக்கொண்டது. 1949இல் கேனரே, பனி உருகாத குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள் என்ற உருவகத்தைப் பயன்படுத்தினார். அதிலிருந்து 'ஃபிரிட்ஜ் அம்மா' உருவானாள். சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய ப்ரூனோ பெட்டல்ஹெய்ம் தன் 1967ஆம் வருஷத்து நூலில், தான் அனுபவித்த நாஜி முகாமின் கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிட்டார். அப்படியானால் வீடு எது, காவலாளி யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிகிச்சை என்பது பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதாயிற்று. 1990இல் அவர் இறந்த பிறகு, அந்தப் பள்ளியில் தாங்கள் அடிக்கப்பட்டதாக முன்னாள் மாணவர்கள் சிலர் எழுதினார்கள்.

நம் தெருவில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஃப்ராய்டின் துணைகூடத் தேவைப்படவில்லை. "வேலைக்குப் போறவ, புள்ளைய எங்க கவனிச்சா?" "செல்லக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டா." வினையில் 'ள்' விகுதி மாறாது.

3

இதை உடைத்ததும் ஒரு பெற்றோர்தான். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்டின் மகனுக்கு ஆட்டிசம். 1964இல் அவர் எழுதிய நூல், தாய்தான் காரணம் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று காட்டியது. முன்னுரை எழுதியவர் அதே கேனர். நூலின் பின்னால் ஒரு வினாப்பட்டியல் இருந்தது. பெற்றோர் நிரப்பித் தபாலில் அனுப்பினார்கள். இங்கே நோட்டு முதன்முறையாக நோய்க்குறியாக இல்லாமல் அறிவாக வாசிக்கப்பட்டது. 1965இல் பெற்றோரின் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1969இல் அதன் கூட்டத்தில் கேனர், பெற்றோராகிய உங்களை விடுவிக்கிறேன் என்கிற பொருளில் பேசினார். அரங்கிலிருந்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள், நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனாலும் விடுதலை செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து வந்தவர் எரிக் ஷாப்ளர். வட கரோலினாவில் 1960களின் பிற்பகுதியில் பெற்றோரை 'இணை சிகிச்சையாளர்' ஆக்கினார். 1972இல் இத்திட்டத்தை மாநில அரசே சட்டமியற்றி ஏற்றது. இதற்கு வலுவான காரணம் உண்டு. ஓர் அறையில், ஒருவரிடம் கற்றதை இன்னோர் அறைக்கு எடுத்துப்போவது இக்குழந்தைகளுக்குக் கடினம். மையத்தில் டம்ளரைக் காட்டி "தண்ணி" என்பவன் வீட்டில் தாகத்தோடு அழுவான். வீடு சேராமல் தெரபி நடக்காது. ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெற்றோர் சிகிச்சையைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் குழந்தைக்குச் சொல்லித் தருவதை நிபுணர்கள் பார்த்தார்கள். பார்வை ஒருவழிப் பாதையாக இல்லாமல் போனது பெரிய மாற்றம்.

ஆனால் இணை சிகிச்சையாளருக்குச் சம்பளம் இல்லை, விடுப்பும் இல்லை. 1987இல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி, பெற்றோரும் பயிற்றுவிக்கப்பட்டார்கள். ஒன்பது பேர் 'இயல்பு நிலை' அடைந்தார்கள் என்றார். எண்கள் பலமாக விவாதிக்கப்பட்டன. ஆனால் ஓர் எண் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது: நாற்பது. இதற்குக் குறைந்தால் தாயின் குறை. அன்பு போதாது என்ற பழைய குற்றம், உழைப்பு போதாது என்று உருமாறியது. தேர்வும் ஆவணமும் சேர்ந்துதான் ஒரு மனிதரைக் 'கேஸ்' ஆக்குகின்றன என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். இங்கே கேஸ் ஆனது குழந்தை மட்டும்தானா?

4

டொனால்டின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1942இல் அவனை ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு விவசாயத் தம்பதியரிடம் விட்டார்கள். 1945இல் கேனர் அங்கே போய்ப் பார்த்தார். அவனுக்கு அளக்கும் பித்து; கிணற்றின் ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். எண்ணும் பித்து, சோளப் பாத்தியை எண்ணிக்கொண்டே உழச் சொன்னார்கள். அவர்கள் நிபுணர்களும் இல்லை, பெற்றோரும் இல்லை. பித்தை ஒழிக்காமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். டொனால்ட் கல்லூரி முடித்து, வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, 2023இல் 89 வயதில் இறந்தார். குடும்பத்திடம் பணம் இருந்தது, ஊர் அவரை ஏற்றுக்கொண்டது - இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெரபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பானையைக் கைகாட்ட என் மகன் கற்றது அந்த மையத்தில்தான். என் கேள்வி, நோட்டில் யார் எழுதுவது, எதை எழுதுவது என்பது பற்றியது. 1993இல் ஜிம் சின்க்ளேர், தானே ஆட்டிசத்தோடு வாழ்பவர், எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொன்னார். கடிதம், கோப்பு, வினாப்பட்டியல் எதிலும் அதுவரை கேட்காத குரல் அது.

இப்போது நோட்டில் பாதி நாள் நான் எழுதுகிறேன். கேட்ட கட்டங்களை நிரப்பிவிட்டு, கீழே ஒரு வரி சேர்க்கிறேன். போன வாரம் எழுதியது: 'மழை பெய்யும்போது ஜன்னல் கம்பியில் சொட்டும் துளிகளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை.' டீச்சர் அதற்குப் பக்கத்தில் டிக் போடவில்லை, அடிக்கவும் இல்லை. "சார், இத எந்தக் கட்டத்துல சேக்கறது?" என்று கேட்டார்கள்.