நூறு வெள்ளி வேலி

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் கடைசியாகப் பந்தயக் குதிரை ஓடி தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. 1842இல் வெள்ளைக்காரர்கள் சிலர் கூடி ஒரு ஸ்போர்ட்டிங் கிளப் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, இன்று ஃபேரர் பார்க் என்று நாம் சொல்லும் திடலில் முதல் பந்தயம் நடந்தது. பக்கத்திலேயே எருமைக் கொட்டகைகள். கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு அர்த்தமே அதுதான். மாட்டுத் தொழிலுக்கு வந்த நம்மவர்களும், குதிரைகளைப் பராமரிக்க வந்த பாவியான் தீவுக்காரர்களும் ஒரே சகதியில் நடந்து உண்டாக்கிய வட்டாரம் இது.

பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது. 1999இல் கிராஞ்சிக்கு வந்தது. நான் இருக்கும் செம்பவாங்கிலிருந்து எம்ஆர்டியில் நாலாவது நிறுத்தம். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. சூதாட்டம் தப்பு என்று முடிவு செய்து யாரும் அதை மூடவில்லை. நிலம் வேண்டும், வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சூதாட்டம் என்று ஆரம்பித்தாலே தருமரையும் நளனையும் இழுத்துக்கொண்டு வருவது நம் வழக்கம். கூடவே குறளின் 94ஆம் அதிகாரம். இந்த ஊர்ச் சட்ட வரலாற்றைப் புரிந்துகொள்ள அவர்கள் யாரும் உதவமாட்டார்கள். அவர்கள் கேட்டது ‘ஆடலாமா’ என்ற கேள்வி. சிங்கப்பூர்ச் சட்டம் இருநூறு வருஷமாகக் கேட்டுவருவது வேறு: யார் ஆடலாம், காசு யாருக்குப் போகும்?

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். முதல் ரெசிடெண்ட் ஃபார்க்குவாரிடம் ஊரை நடத்தப் பணமில்லை. சுங்கவரி போடக்கூடாது என்பது ராஃபிள்ஸின் கட்டளை, ஏனென்றால் இது சுங்கமில்லாத் துறைமுகம். ஆகவே 1820இல் ஓப்பியம், சாராயம், சூதாட்டம் மூன்றையும் குத்தகைக்கு விட்டார். நம்மூர்க் கள்ளுக்கடை ஏலம் மாதிரிதான். அதிக விலை கேட்டவனுக்கு ஏகபோக உரிமை. அரசாங்கத்துக்கு மாதாமாதம் பணம். திருட்டுத்தனமாக வேறு யாராவது கடை போட்டால் குத்தகைக்காரனே தன் ஆட்களை வைத்துப் பிடித்துக்கொடுப்பான். சட்டத்தைக் காக்கிற வேலையையும் சேர்த்துக் குத்தகைக்கு விட்டதுதான் இதில் உள்ள புத்திசாலித்தனம். ஆடியவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த ஒற்றை ஆண்கள், முக்கியமாகச் சீனர்கள். ஆக, துறைமுகத்தின் செலவு அவர்கள் மடியிலிருந்து போனது.

ராஃபிள்ஸுக்கு இது பிடிக்கவில்லை. 1823இல் சூதாட்ட வீடுகளையும் சேவல் சண்டைக் களங்களையும் தடை செய்தார். ஜூன் மாதம் அவர் ஊரைவிட்டுப் போனார். அடுத்து வந்த கிராஃபர்ட் அதே ஆண்டில் சூதாட்டக் குத்தகையைத் திரும்பக் கொண்டுவந்தார்! ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் கிராஃபர்டுக்கும் ஒரு சிலை கேட்கலாம். இந்த ஊரின் உண்மையான சுபாவத்தைப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்பது என் எண்ணம். குத்தகை நன்றாகவே காசு கொடுத்தது. ஆனால் அரசாங்கமே சூதாட்டத்தில் பிழைப்பதா என்று கிராண்ட் ஜூரி எதிர்த்தது. 1829இல் குத்தகை ஒழிந்தது.

ஆட்டம் ஒழியவில்லை. குத்தகைக்காரனுக்குப் போன பணம் போலீஸ்காரர் பைக்குப் போக ஆரம்பித்தது. 1886இல் சூதாட்டத்தை விசாரிக்க ஒரு கமிஷனே போட வேண்டியிருந்தது. பிற்பாடு சாப் ஜி கீ என்ற பன்னிரண்டு சீட்டு லாட்டரி வீட்டுப் பெண்கள்வரை போய்ச் சேர்ந்தது. கமுக்கமாகக் கட்டுகிற காசுக்கு நடமாடும் ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே வருவார்.

சுயாட்சி வந்த கையோடு 1960இல் பந்தயம் கட்டுவதற்கு எதிரான சட்டம், 1961இல் பொதுச் சூதாட்ட வீடுகளுக்கு எதிரான சட்டம். ராஃபிள்ஸ் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்புறம் கிராஃபர்டும் வந்தார். 1968 மே மாதம் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. கள்ள லாட்டரியை ஒழிக்கத்தான் என்றார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. லாட்டரிப் பணத்தில் தேசிய விளையாட்டரங்கம் எழுந்து 1973இல் திறக்கப்பட்டது.

1968 செம்பவாங்கில் மறக்கக்கூடிய வருஷமில்லை. பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் எடுத்துக்கொள்ளப் போவதாக அந்த ஜனவரியில்தான் அறிவித்தது. கடற்படைத் தளத்தை நம்பியிருந்த தமிழர்களும் மலையாளிகளும் வேலை போகும் தேதியை எண்ணிக்கொண்டிருந்த வேளையில் டோட்டோ வந்தது. காரணமும் விளைவும் என்று இரண்டையும் முடிச்சுப்போட மாட்டேன். ஆனால் அதே 1968இல்தான் தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அண்ணா சொன்னதாக இன்றும் சொல்வார்கள். இரண்டு ஏழை அரசாங்கங்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே யோசனை. தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரியை மொத்தமாகத் தடை செய்தது. சிங்கப்பூர் தடை செய்யவில்லை. புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் இன்றும் கியூ நிற்கிறது.

‘ஃபோர் டி’ எடுக்கிற நண்பர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மொத்தம் பத்தாயிரம் எண்கள், பரிசு 23 எண்களுக்கு. ‘பிக்’ கட்டினால் வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, அடுத்து 1,000, 490, பிறகு பத்து எண்களுக்கு 250, இன்னொரு பத்துக்கு 60. எல்லாம் கூட்டினால் 6,590. பத்தாயிரம் எண்ணையும் ஒரு வெள்ளிக்கு ஒருத்தரே வாங்கினாலும் 3,410 வெள்ளி நஷ்டம். ‘ஸ்மால்’ இன்னும் மோசம், 5,800தான் திரும்பும். கனவில் வந்த எண், விபத்தான காரின் எண், எதுவானாலும் கணக்கு இதேதான்.

கேசினோ விஷயத்துக்கு வருவோம். 2005 ஏப்ரல் 18ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இரண்டு உல்லாசத் தளங்களை அறிவித்தார். லீ குவான் யூ அதற்கு முன்னால் பல காலம் கேசினோவை எதிர்த்தவர். ஊருக்குள்ளும் பெரிய எதிர்ப்பு. அதைச் சமாளிக்க வேலி போட்டார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி, வருஷத்துக்கு 2,000. 2019இல் இது 150, 3,000 ஆனது. உள்ளூர்க்காரருக்குக் கேசினோ கடன் தரக்கூடாது, ஒரு லட்சம் வெள்ளி முன்பணம் கட்டிய பெருந்தனக்காரரைத் தவிர. கணவன் ஆடுகிறான் என்றால் மனைவி விண்ணப்பித்துத் தடை வாங்கலாம். திவாலானவருக்கும் அரசு உதவித்தொகை வாங்குகிறவருக்கும் தானாகவே தடை. 2010இல் இரண்டு கேசினோக்களும் திறந்தன.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. மொனாக்கோ என்ற குட்டி ஐரோப்பிய நாடு மான்டி கார்லோ கேசினோ வருமானத்தில் நிமிர்ந்து, 1869இல் மக்களுக்கு நேரடி வரியையே எடுத்துவிட்டது. ஆனால் மொனாக்கோ குடிமகன் அந்தக் கேசினோவில் ஆட முடியாது. வந்தவன் தோற்கட்டும், நம் ஆள் தோற்கக்கூடாது. நுழைவுக்கட்டணமும் அதே தத்துவம்தான், கொஞ்சம் இளகிய வடிவில்.

சரி, வந்தவன் யார்? மொனாக்கோவில் அது பணக்காரச் சுற்றுலாப் பயணி. சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணியோடு சேர்ந்து, வேலை அனுமதியில் இருக்கும் மன்னார்குடிக்காரரும் ‘வெளிநாட்டவர்’. அவருக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. 100 வெள்ளி என்பது அவருக்குச் சில நாள் சம்பளம். அந்த வேலி அவரைத்தான் முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மனதில் இருந்த குடும்பம் அடுக்குமாடி வீட்டில் இருந்தது. மன்னார்குடியில் இருக்கும் குடும்பம் அந்தப் படத்தில் இல்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், குடி விஷயத்தில் சட்டத்துக்கு இதே ஆள் நன்றாகவே கண்ணில் பட்டார். 2013 டிசம்பர் 8ஆம் தேதி கலவரம் நடந்தது ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில். 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனி மண்டலமாக்கி மற்ற இடங்களைவிடக் கூடுதல் கட்டுப்பாடு போட்டது. ஊழியர் குடித்தால் தெருவுக்கு ஆபத்து. ஊழியர் சூதாடித் தோற்றால் சத்தம் வராது.

2022இல் பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்து ஒரே சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமாக்கி, அதற்கு ஓர் ஆணையமும் வைத்தார்கள். தீபாவளி ராத்திரி வீட்டில் சொந்தக்காரர்களோடு காசு வைத்துச் சீட்டாடலாம். அதையே ஆன்லைனில் செய்தால் குற்றம். நுழைவுக்கட்டணத்தின் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வெளிநாட்டவருக்கு மிச்சமிருப்பது சுயதடை, அதாவது என்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே எழுதிக்கொடுப்பது. ஏராளமான ஊழியர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஏசிக்காகவும் ஓசி காபிக்காகவும்தான் முதலில் போனார். எட்டு மாதம் ஊருக்குப் பணம் போகவில்லை. “பூட்ட நானே போட்டுக்கிட்டேண்ணே, சாவி அவங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். கடையில் நின்று வாங்கும் ஃபோர் டிக்கு அந்தத் தடை பொருந்தாது. புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் குலுக்கல்.