புழுக்கொல்லி மருந்தும் நொதியின் வடிவமும்

நொதி ஒன்றின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்து, அதன் பள்ளங்களில் பொருந்தி அதைச் செயலிழக்கச் செய்யும் மூலக்கூறைத் தேடுவது வடிவம்சார் மருந்துத் தேடல். ஓசூரை ஒட்டி, கர்நாடக எல்லையில் ஆலைகள் சூழ்ந்த ஜூஜுவாடி வட்டாரத்துக்கும் இது தொலைவான செய்தி அல்ல. பக்கத்து மத்திகிரியில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் ஆடுமாடு பலருக்கு வாழ்வாதாரம். ஏரியோரப் புல்லை மேயும் கால்நடைகளுக்கு நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு தொற்றக்கூடும். அதற்குப் பெரிதும் நம்பப்படும் டிரைகிளாபெண்டசோல் மருந்துக்குக் கட்டுப்படாத புழுக்கள் 1990களிலேயே ஆஸ்திரேலியாவில் தென்பட்டன. புதிய இலக்கு தேவை என்பதில் ஐயமில்லை. அந்த இலக்கை நொதிகளில் தேடலாமா என்பதே கேள்வி.

தேடலாம் என்பதற்கு வலுவான சான்று, நத்தைக் காய்ச்சல் எனப்படும் ஸிஸ்டோசோமா நோயை உண்டாக்கும் தட்டைப்புழுவிலிருந்து கிடைக்கிறது. ஆக்சிஜனேற்ற நச்சிலிருந்து உடலைக் காக்க மனிதரிடம் தயோரெடாக்சின் ரிடக்டேஸ், குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என இரு நொதிகள் தனித்தனியே உள்ளன. தட்டைப்புழுக்களில் இரண்டின் பணியையும் ஒரே நொதி (தயோரெடாக்சின் குளூட்டாதயோன் ரிடக்டேஸ், சுருக்கமாக டி.ஜி.ஆர்.) செய்கிறது. அதன் மரபணுவை 2007இல் அமைதிப்படுத்தியபோது புழுக்கள் சில நாட்களில் மடிந்தன. 2008இல் ஆக்ஸாடயசோல் வகைச் சேர்மங்கள் இந்நொதியைத் தடுத்து, தொற்றுள்ள எலிகளில் புழுக்களைக் கொன்றன. அதே ஆண்டில் நொதியின் படிக அமைப்பும் வெளியானது. அத்தகைய ஒவ்வொரு அமைப்பின் நம்பகத்தையும் உலகெங்கும் சோதிக்கப் பயன்படும் வரைபடம், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு தந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

ஐவர்மெக்டின், பிராசிகுவாண்டல் போன்ற புழுக்கொல்லி மருந்துகள் வடிவம் பார்த்து வந்தவையல்ல. உயிருள்ள புழுவை அழிக்கின்றனவா என்று பார்த்தே கண்டெடுக்கப்பட்டவை என்பர் மறுப்போர். உண்மைதான். 1970களில் கண்டறியப்பட்ட பிராசிகுவாண்டலின் இலக்கு 2019இல்தான் தெளிவானது. ஆனால் இலக்கு தெரியாத மருந்து வலுவிழந்தால், அதை எங்கே திருத்துவது என்பதும் தெரியாது. ஆக்ஸாடயசோல்களும் பல்லாயிரம் சேர்மங்களைச் சோதித்துக் கிடைத்தவையே. வடிவத்தின் பங்கு அதற்குப் பின்பு வருகிறது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது: டி.ஜி.ஆர்.-இன் வினைமையம் மனிதரின் தயோரெடாக்சின் ரிடக்டேஸினுடையதை ஒத்திருப்பதால், தங்கம் கொண்ட ஆரானோஃபின் என்ற மருந்து இவ்விரண்டையும் தாக்குகிறது. வடிவ அறிவு தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். சிறு மூலக்கூறுத் துண்டுகளை நொதியோடு சேர்த்துப் படிகமாக்கிய 2018 ஆய்வு, நொதி இயங்கத் தேவையான என்ஏடிபிஎச் மூலக்கூறு நுழைவதைக் கட்டுப்படுத்தும் தனி இடம் ஒன்றைக் காட்டியது. வினைமையத்தைத் தொடாமலே நொதியை முடக்க முடியும் என்றால், மனித நொதியைத் தவிர்க்கவும் வழி உண்டு.

இத்தகைய மூலக்கூறு புழுவின் புறத்தோலைக் கடக்குமா, மாட்டின் கல்லீரலை எட்டுமா என்பதை வடிவம் சொல்லாது. அதற்கு உயிருள்ள புழுவிலும் கால்நடையிலும் செய்யும் சோதனையே வேண்டும். எந்த மூலக்கூறை அங்கே கொண்டு செல்லலாம் என்பதை முன்கூட்டியே சலித்துத் தருவது வடிவத்தின் வேலை.