ஐந்து மாதத்து அண்டை வீட்டார்

உல்லாசக் கப்பலுக்குப் பயணச்சீட்டு வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்? கடலை, கரையோர நகரங்களை, நல்ல உணவை, ஓய்வை என்று விளம்பரத் தாள்கள் சொல்லும். கப்பல் சிறியதாக இருந்தால் இந்தப் பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது வேறொன்று: உடன் வருகிற மனிதர்கள். ஆயிரக்கணக்கானோர் ஏறும் பெருங்கப்பலில் ஒருவர் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம். நூறு பேருக்குள் அடங்கும் சிறு கப்பலில், காலையில் யாரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோமோ அவரே மதிய உணவின்போது எதிரே அமர்ந்திருப்பார். ரயிலில் பிடிக்காதவர் எதிர் இருக்கையில் அமர்ந்தால், அடுத்த நிலையத்தில் இறங்கிவிடக்கூடும் என்ற நம்பிக்கையாவது நமக்கு உண்டு. நடுக்கடலில் அதுவும் கிடையாது.

இத்தகைய பயணத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுவார்கள் என்பதை அறிய, அவ்வழக்கத்தின் தொடக்க காலத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது. தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லும் கப்பல்களில் ஊர் பார்க்கப் போனவர்கள் முன்பே உண்டு. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1844-இல் அப்படி மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்து நூலும் எழுதினார். ஆனால் ஒரு முழுக் கப்பலையே வாடகைக்கு அமர்த்தி, ஒரே குழுவாகப் புறப்பட்டு, ஊர்களைப் பார்த்துவிட்டு, அதே குழுவாக வீடு திரும்புவது என்ற ஏற்பாடு பெரிய அளவில் அமெரிக்காவிலிருந்து நடைபெற்றது 1867-இல்தான். கப்பலின் பெயர் ‘குவேக்கர் சிட்டி’. அதில் சென்ற முப்பத்தொரு வயதுப் பத்திரிகையாளர் சாமுவேல் கிளெமென்ஸை, மார்க் ட்வைன் என்ற பெயரில் நாம் அனைவரும் அறிவோம். அவர் பின்னாளில் எழுதிய நூலால்தான் இப்பயணம் இன்றும் நினைக்கப்படுகிறது.

குவேக்கர் சிட்டி 1854-இல் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். இருபுறமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் கடற்படையில் பணியாற்றியது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே கப்பலைப் புனிதத் தலங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்லும் இன்பப் பயணத்துக்கு அமர்த்தினார் கேப்டன் சார்லஸ் டங்கன். புரூக்ளின் நகரின் பிளிமத் தேவாலயத்தைச் சார்ந்தவர்களே இத்திட்டத்தின் முதுகெலும்பு.

அவர்கள் வெளியிட்ட அறிக்கை கவனித்துப் படிக்கத் தக்கது. கட்டணம் 1250 டாலர். கரையில் ஆகும் செலவுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் தங்கமாக வைத்துக்கொண்டால் போதும் என்ற யோசனையும் அதில் உண்டு. பயணிகள் 150 பேருக்கு மேற்படமாட்டார்கள். நூலகம் உண்டு, இசைக்கருவிகள் உண்டு, மருத்துவர் உண்டு. இவற்றைவிட முக்கியமான செய்திகள் இரண்டு. பணம் மட்டும் இருந்தால் இடம் கிடைத்துவிடாது. விண்ணப்பத்தை ஒரு குழு ஆராய்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தது, பயணத்தை நீட்டிக்கவோ பாதையை மாற்றவோ பயணிகள் அனைவரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். ஒரு தெருவில் குடியிருக்கும் பத்து வீட்டார் ஒரு குழாய் வைப்பதில் ஒருமனதாவதே அரிது என்பதை அறிந்த நமக்கு, இந்த விதியை எழுதியவர்களின் நம்பிக்கை வியப்பளிக்கிறது. நல்லவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் நல்ல சமூகம் தானாக உருவாகிவிடும் என்று அவர்கள் எண்ணினார்கள்.

கப்பலில் வருவதாகப் பேசப்பட்ட பெரிய பெயர்கள் இரண்டு. ஒருவர் பிளிமத் தேவாலயத்தின் புகழ்பெற்ற போதகர் ஹென்றி வார்ட் பீச்சர். மற்றவர் உள்நாட்டுப் போரின் தளபதி ஷெர்மன். இருவருமே கடைசியில் வரவில்லை. பீச்சர் வரவில்லை என்றதும் அவருக்காகவே இடம் பதிந்திருந்த பலரும் விலகிக்கொண்டனர். பெரிய மனிதரின் அருகே ஐந்து மாதம் அமரலாம் என்பதற்காகவே அவர்கள் பணம் கட்டியிருந்தார்கள் என்று நாம் ஊகிக்கலாம். 150 பேருக்கு இடமிருந்த கப்பலில், ட்வைனின் கணக்குப்படி, போனவர்கள் 65 பேர். அவருடைய கட்டணத்தைச் செலுத்தியது சான்பிரான்சிஸ்கோவின் ‘ஆல்டா கலிஃபோர்னியா’ நாளிதழ். அதற்கு ஈடாக அவர் பயணக் கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும். ஆகவே, தம் சொந்தப் பணத்தில் வந்த செல்வர்களிடையே எழுதிப் பிழைக்கும் ஒருவராகவே அவர் ஏறினார்.

1867 ஜூன் 8 அன்று நியூயார்க்கில் கப்பல் புறப்பட்டது. ஆனால் புயல் காரணமாகத் துறைமுகத்தின் வாயிலிலேயே இரண்டு நாள் நங்கூரமிட்டு நிற்க நேர்ந்தது. உலகம் சுற்றப் புறப்பட்டவர்கள் தம் ஊரைப் பார்த்தபடியே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பயணத்தின் மெய்யான தன்மை அந்த இரண்டு நாளிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

கடலில் இறங்கியபின் நாட்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. மணியோசைக்கு எழுதல், காலையுணவு, தளத்தில் உலாவுதல், தள விளையாட்டுகள், டாமினோ, மாலையில் வழிபாட்டுக் கூட்டம். அக்கூட்டம் நடந்த கூடத்துக்குக் கேலிப்பெயர் வைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். இரவில் விளக்கொளியில் வரிசையாக அமர்ந்து எல்லோரும் நாட்குறிப்பு எழுதினார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் நிறுத்திவிட்டனர். பணியாளர் ஒருவர் மேலங்கி திருடியதாகக் குற்றம் சாட்டி, நீதிபதி, வழக்கறிஞர், சாட்சிகள் எல்லாம் வைத்துப் பொய் வழக்கு நடத்திப் பொழுதைப் போக்கினார்கள். தளத்தில் விளக்குகளைத் தொங்கவிட்டு நடனமும் ஆடிப் பார்த்தனர். கப்பல் ஒருபுறம் சாயும்போது ஆடுபவர் அனைவரும் கைப்பிடிச் சுவரை நோக்கிச் சரிந்தார்கள். பக்திமான்களுக்கோ நடனமே பாவமெனப் பட்டது. விரைவில் அது கைவிடப்பட்டது.

ஆக, தேர்வுக் குழுவின் சல்லடையைத் தாண்டி வந்த அந்தச் சிறு கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது. ட்வைனின் சொற்களில் ஒரு சாரார் யாத்ரிகர்கள், மறு சாரார் பாவிகள். வயதில் மூத்த, பிரார்த்தனைக்குத் தவறாதவர்கள் ஒரு புறம். புகைபிடிக்கவும் சிரிக்கவும் அறைகளில் கூடிய இளையவர்கள் மறு புறம். இப்பிரிவு கரையிலும் தொடர்ந்தது. பால்பெக்கிலிருந்து டமாஸ்கஸுக்குக் குதிரைகளில் சென்றபோது, ஓய்வுநாளில் பயணம் செய்யலாகாது என்பதற்காக மூன்று நாள் வழியை இரண்டு நாளில் கடக்கவேண்டும் என்று யாத்ரிகர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். களைத்துப்போன குதிரைகளுக்காக மறு சாரார் பரிந்து பேசியும் பயனில்லை. சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் கருணையைக் கைவிட்டார்கள் என்பதே ட்வைனின் குற்றச்சாட்டு. நூலில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசும் இடங்களுள் இதுவும் ஒன்று.

கப்பலில் பயணிகள் மட்டுமா இருந்தார்கள்? ஆகஸ்ட் மாத இறுதியில் யால்டாவில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் இவர்களை வரவேற்றார். அவர் முன் வாசிக்க ஒரு வாழ்த்துரை தேவைப்பட்டது. எழுதும் பொறுப்பு ட்வைனிடம் வந்தது. பேரரசரைக் கண்டு வந்த பெருமிதத்தில் பயணிகள் மிதந்துகொண்டிருக்க, மாலுமிகள் தளத்தில் தம் பங்குக்கு ஒரு நாடகம் போட்டார்கள். சமையல்காரர்களில் மூன்றாமவர் தகரக் கிண்ணத்தைக் கிரீடமாகக் கவிழ்த்து, எண்ணெய்க் கறையும் காப்பிக் கறையும் படிந்த மேசைவிரிப்பை அரச உடையாகப் போர்த்தி வீற்றிருக்க, மற்றவர்கள் அந்த வாழ்த்துரையைப் பணிவோடு வாசித்தார்கள். திரும்பத் திரும்ப அதைக் கேட்டு நொந்துபோனதாக அதை எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். உணவு பரிமாறுகிறவர்களும் கயிறு இழுக்கிறவர்களும் தங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது செல்வர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. சிறு கப்பலில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். மாலுமிகளின் நாடகம் அதைத்தான் சொல்லிற்று.

இதைவிடக் கடுமையான சோதனை அக்டோபர் தொடக்கத்தில் யாஃபா துறைமுகத்தில் காத்திருந்தது. ஓராண்டுக்கு முன் ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற போதகரின் வாக்கை நம்பி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வீடு நிலங்களை விற்றுவிட்டு அங்கே குடியேறியிருந்தார்கள். நோயும் பஞ்சமும் போதகரின் குடிப்பழக்கமும் அந்தக் குடியிருப்பைச் சிதைத்துவிட்டன. எஞ்சியவர்களில் ஏறத்தாழ 40 பேர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தார்கள். அவர்களைக் குவேக்கர் சிட்டி ஏற்றிக்கொண்டு அலெக்சாந்திரியாவில் சேர்த்தது. அங்கிருந்து மெய்ன் வரை செல்ல ஆகும் செலவைப் பயணிகளுள் ஒருவரான, ‘நியூயார்க் சன்’ இதழின் உரிமையாளர் மோசஸ் பீச் தம் கையிலிருந்து கொடுத்தார்.

1250 டாலர் கொடுத்து, குழுவின் ஒப்புதல் பெற்று ஏறியவர்களிடையே, எதுவுமே இல்லாதவர்கள் ஏறினார்கள். அந்நாட்களைப் பற்றி ட்வைன் எழுதுவது சுருக்கம். அவர்கள் கடல்நோயில் வாடிக் கிடந்தார்கள். நடந்ததைப் பற்றி வாய் திறக்க விரும்பவில்லை. இரு கூட்டமும் கலந்து பழகியதற்கு அவர் எழுத்தில் சான்றில்லை. எனினும் கதவு திறக்கப்பட்டது. யாத்ரிகர், பாவி என்ற பட்டங்களைவிட இந்த ஒரு செயலே அக்கப்பலைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது.

நவம்பர் 19 அன்று கப்பல் நியூயார்க் திரும்பியது. மறுநாள் காலை ‘நியூயார்க் ஹெரால்ட்’ இதழில் ட்வைனின் கடிதம் வெளிவந்தது. இன்பப் பயணம் என்ற பெயரில் நடந்தது ஒரு துக்கக் கூட்டமே என்ற பொருள்பட உடன் வந்தவர்களை அவர் எள்ளி நகையாடியிருந்தார். ஐந்து மாதம் ஒரே மேசையில் உண்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் பயணிகளில் வேறு சிலரும் கடிதங்களும் குறிப்புகளும் எழுதினார்கள். கிளீவ்லாந்து நகரத்துப் பத்திரிகை அதிபரின் மனைவி மேரி மேசன் ஃபேர்பாங்க்ஸ் தம் இதழுக்கு அனுப்பிய கடிதங்களில் வேறொரு காட்சி தெரிகிறது: உணவுக்கூடத்தில் ஒரு மேசையிலிருந்து மட்டும் ஓயாமல் சிரிப்பு எழும், அங்கே ட்வைன் இருப்பார். எனவே கப்பல் அவ்வளவு துக்கமாகவும் இருக்கவில்லை.

இந்த ஃபேர்பாங்க்ஸ் அம்மையார் ட்வைனைவிட ஏழு வயதே மூத்தவர். ஆனாலும் அவரை ‘அம்மா’ என்றே ட்வைன் அழைத்தார். பயணத்தின்போது அவருடைய எழுத்தைப் படித்துத் திருத்தம் சொன்னவர் இவர். நட்பு பல்லாண்டு தொடர்ந்தது. எல்மைரா ஊரைச் சேர்ந்த நிலக்கரி வணிகரின் மகன் சார்லஸ் லாங்டன் அப்போது பதினெட்டு வயது இளைஞன். ஸ்மிர்னா வளைகுடாவில் கப்பல் நின்றபோது தன் அக்காளின் சிறு ஓவியத்தை அவன் காட்டியதாகவும், அந்த முகத்தைத் தாம் மறக்கவே இல்லை என்றும் ட்வைன் பின்னாளில் சொன்னார். அந்த ஒலிவியாவை அவர் 1870 பிப்ரவரி 2 அன்று மணந்தார். எந்தக் கூட்டத்தை நகையாடினாரோ அந்தக் கூட்டத்திலிருந்தே அவருக்கு வழிகாட்டியும் மைத்துனனும் மனைவியும் கிடைத்தார்கள். 1869-இல் வெளிவந்து அவரைப் புகழேணியில் ஏற்றிய நூலும் அக்கூட்டத்தைப் பற்றியதுதான்.

பிறகு இந்தப் பயண முறை ஒரு தொழிலாக வளர்ந்தது. 1891-இல் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் வேலையின்றி நின்ற ‘அகுஸ்டா விக்டோரியா’ கப்பலில் 241 பேரை மத்தியதரைக் கடலுக்கு அழைத்துச் சென்றார். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட ‘பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ்’ 1900-இல் நீரில் இறக்கப்பட்டது. அதில் முதல் வகுப்பு மட்டுமே. 1984-இல் நார்வேக்காரர்கள் தொடங்கிய ‘சீ காடஸ்’ ஏறத்தாழ 120 பேர் மட்டுமே செல்லக்கூடிய சிறு கப்பல். யாரோடு எந்த மேசையில் அமர்வது என்பதைப் பயணியே முடிவு செய்துகொள்ளலாம். குடிப்பதற்குத் தனியே பணம் கேட்கமாட்டார்கள். இன்றைய சிறு சொகுசுக் கப்பல்கள் பலவும் இந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன. தேர்வுக் குழு போய்விட்டது. அதன் வேலையைக் கட்டணம் செய்கிறது. தனியே வருகிறவர் பல கப்பல்களில் இருவர் அறைக்கான கூடுதல் தொகையைத் தர வேண்டியிருக்கிறது. மேசையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வந்தபின், எந்த மேசை நம்மை அழைக்கும் என்று தட்டோடு நின்று தயங்கும் கணமும் கூடவே வந்தது.

புறப்படுகிறவர் என்ன எதிர்பார்க்கலாம் என்று நம்மைக் கேட்டால், ட்வைன் தம் நூலின் இறுதியில் எழுதியதைத்தான் நினைவூட்டுவோம். பயணம் முடிந்து ஓராண்டு கழிந்தபின் கசப்புகளெல்லாம் மறைந்துவிட்டதாக அவர் சொல்கிறார். அந்த 65 பேரில் எட்டொன்பது பேர் உற்ற நண்பர்களாக இருந்தார்கள். மற்றவர்களோடும் பேச்சுவார்த்தை இருந்தது. அதே கப்பல் மீண்டும் நங்கூரம் எடுக்குமானால், அதே கேப்டனோடும் அதே யாத்ரிகர்களோடும் அதே பாவிகளோடும் மகிழ்ச்சியாகப் போவேன் என்கிறார். 65 பேரில் எட்டொன்பது பேர் என்பது, நாம் வாழும் தெருக்களை எண்ணிப் பார்த்தால், குறைந்த கணக்கல்ல.