மொட்டைமாடிக் கோழிகள்: எகிப்து கண்ட பறவைக் காய்ச்சல்

1997ஆம் ஆண்டு மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சல் கண்டு இறந்தான். அவனைக் கொன்றது எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமி என்பது ஆகஸ்டில்தான் உறுதியாயிற்று. அந்த அலையில் 18 பேர் நோயுற்றனர். ஆறு பேர் மாண்டனர். ஆண்டிறுதியில் ஏறத்தாழ 15 இலட்சம் கோழிகளைச் சில நாள்களிலேயே அழித்து அந்நகரம் தப்பியது. சந்தையைப் பூட்டினால் நோயும் அடங்கும் என்ற எண்ணம் அன்று பலருக்கு இருந்திருக்கலாம்.

அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது எகிப்து. 2006 பிப்ரவரியில் அங்கே கோழிகளிடம் நோய் தென்பட்டது; மார்ச்சில் ஒரு பெண் இறந்தார். நைல் கரைக் கிராமங்களிலும் கெய்ரோவின் மொட்டைமாடிகளிலும் கோழி, வாத்து, புறா வளர்ப்பது பெண்களின் வேலை. தீனி போடுவது, கூடு கூட்டுவது, அறுத்ததை இறகு பறித்துக் குடல் நீக்குவது எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தன. கூடவே பிள்ளைகளும் நின்றனர். ஆகவே நோய் முதலில் தேடிப் பிடித்தது பெரும்பாலும் பெண்களையும் சிறுவர்களையுமே.

அரசு மாடி வளர்ப்பைத் தடை செய்தது. கோடிக்கணக்கான கோழிகள் அழிந்தன. ஆனால் பிடித்துக் கொன்ற கோழிக்கு ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கை ஏழைத் தாய்க்கு இல்லை. அதிகாரிகள் வரும்போது கோழிகளை ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரம் ஒருமுறை இறைச்சியும் கைச்செலவுக்குச் சில்லறையும் அந்தக் கூட்டிலிருந்துதான் வந்தன. 2008இல் நோய் நிலைகொண்டுவிட்டதாக எகிப்து அறிவித்தது. 2015இல் மட்டும் 136 பேருக்குக் கண்டது. 2017 வரையிலான கணக்கு 359 பேர், அவர்களில் 120 பேர் மரணம். இந்தோனேசியாவில் 200 பேரில் 168 பேர் இறந்ததை இதனோடு ஒப்பிட்டால், எகிப்தில் நோயாளிகள், குறிப்பாகக் குழந்தைகள், விரைவாக மருத்துவமனை சேர்ந்து ஓசெல்டாமிவிர் மருந்து பெற்றது உயிர் காத்தது என மருத்துவர்கள் கூறியது விளங்கும்.

நம்மைத் தொடும் ஓர் உண்மை இதில் உண்டு. கோழி தலை தொங்கி நின்றால், செத்து ஹராமாகுமுன் அறுத்துவிடுவோம் என்று நினைப்பது நம் வீடுகளுக்கும் புதிதன்று. ஆனால் அந்த வேளையில்தான் ஆபத்து மிகுதி. நோயுற்ற பறவையின் சளியிலும் எச்சத்திலும் இரத்தத்திலும் கிருமி நிறைந்திருக்கும். அறுக்கும்போதும் இறகு பறிக்கும்போதும் அது கையிலும் காற்றிலும் பரவி, மூக்கு, கண், வாய் வழியே நுழையும். நுரையீரலின் ஆழத்தில் பற்றிக்கொண்டால் கடும் நிமோனியாவாக முற்றும். 2006 ஜனவரியில் துருக்கியின் கிழக்குப் பகுதியில் பிள்ளைகள் இறந்ததும் நோயுற்ற கோழிகளோடு நெருங்கிப் பழகியதால்தான். பிஸ்மி சொல்லி அறுத்தாலும் கிருமி சாவதில்லை. நன்கு கொதித்து வெந்த இறைச்சியில் அது பிழைக்காது என்பது மெய்யே. ஆனால் அடுப்பில் ஏறுமுன்னரே அறுத்தவரின் கைக்கு வந்துவிடுகிறது. அத்தகைய கோழியைத் தொடாமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை. அந்தத் திறனை அது பெற்றுவிடுமோ என்றுதான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் உற்றுப் பார்க்கின்றனர். 2024இல் அமெரிக்காவின் பால்பண்ணைப் பசுக்களிடமும் அது காணப்பட்டது. பண்ணையில் வேலை செய்தோர் சிலருக்கும் தொற்றியது.