வெள்ளத்துக்குத் தப்பிய பிரதி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பமும் அப்பாவின் கடிதங்களும் கூழாகிவிட்டன. கம்ப்யூட்டரும் போயிற்று.

ஆனால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டு வைத்தவை பிழைத்தன. 'கிளவுட்' என்றால் மேகம் இல்லை. எங்கோ தூரத்து ஊரில் ஓடும் பெரிய கம்ப்யூட்டர்கள்தான். நம் வீட்டுக் கோப்புகளையும் அங்குள்ள பிரதியையும் ஒன்றுபோல் வைத்திருப்பதே 'சிங்க்'.

நான் பயன்படுத்துவது லினக்ஸ். அதில் இந்த வசதி வந்த கதையைச் சொல்கிறேன்.

1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் 'ஆர்சிங்க்' என்ற நிரலை வெளியிட்டார்கள். உப்பளத்தில் ஒரு பேரேடு, ஊருக்குள் ஆபீசில் அதன் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணக்குப்பிள்ளைகளும் போனில் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகையை ஒப்பிடுகிறார்கள். ஒத்துவராத பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். ஆர்சிங்க் செய்வதும் அதுவே. இணையம் ஆமை வேகத்தில் போன காலத்தில் அது பெரிய உபகாரம்.

2008-ல் வந்த டிராப்பாக்ஸ் லினக்ஸிலும் ஓடியது. 2009-ல் உபுண்டுக்காரர்களே 'உபுண்டு ஒன்' தொடங்கினார்கள். அதை 2014 ஜூன் 1-ல் நிறுத்திவிட்டு, கோப்புகளை எடுத்துக்கொள்ள ஜூலை 31 வரை தவணை கொடுத்தார்கள். 2012-ல் வந்த கூகுள் டிரைவுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் தனி நிரல் உண்டு. லினக்ஸுக்குக் கூகுள் அப்படி ஒன்றைத் தரவே இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது நிக் கிரெய்க்-வுட் எழுதி இலவசமாகக் கொடுத்த 'ஆர்குளோன்'.

வெள்ளம் வடிந்து புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் ஆர்குளோனை நிறுவினேன். அதில் 'காப்பி', 'சிங்க்' என்று இரண்டு கட்டளைகள். காப்பி, இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்கும், எதையும் அழிக்காது. சிங்க், சேருமிடத்தைப் புறப்படும் இடம் போலவே ஆக்கிவிடும். அங்கே கூடுதலாக இருப்பதை அழித்துவிடும். நானோ காலியாக இருந்த புதுக் கம்ப்யூட்டரைப் புறப்படும் இடமாகவும், கூகுள் டிரைவைச் சேருமிடமாகவும் எழுதிவிட்டேன்! நல்லவேளை, 'டிரை ரன்' என்ற ஒத்திகையை முதலில் ஓட்டினேன். திரையில் அழியப்போகும் படங்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. வெள்ளம் விட்டுவைத்ததை என் கையாலேயே துடைத்திருப்பேன். கை நடுங்கிவிட்டது.

நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' நினைவுக்கு வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான அந்த முதல் புத்தகத்தின் அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தூரத்தில் ஒரு பிரதி இருந்ததால்தான் அது நமக்கு மிஞ்சியது.

இப்போது என் படங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, கிளவுடில் ஒன்று, மதுரையில் மகள் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கின்றன. மகள் வீட்டுப் பிரதிக்குக் காப்பி மட்டும்தான், சிங்க் கிடையாது.

உங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது? அடுத்த மழைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.