அக்கக்காகப் பிரித்த ஜி.டி.நாயுடு

காரின் டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. எஞ்சினில் சூடான தண்ணீர் அதில் ஓடித்தான் உள்ளே கதகதப்பு வருகிறது. ஒழுகினால், பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். காந்திபுரம் வெயிலுக்கு ஹீட்டரே எதற்கு என்கிறீர்களா? ஊட்டி போகிறவர்களைக் கேளுங்கள்!

வீட்டிலேயே கழற்றிப் பார்க்கும் துணிச்சலுக்கு நம்ம ஊரில் ஒரு முன்னோடி உண்டு. 1893-ல் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகப் பிரித்துவிட்டார். திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் வருடக்கணக்கான உழைப்பு பழைய இரும்புக் கடைக்குத்தான். பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார், டிரைவரும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். ஆனது.